கசிந்த பதிப்புகளுக்கு இணைப்புக் கொடுப்பதை நிறுத்துங்கள்: தமிழ்த் தொழில்நுட்பக் காணொளி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் கணினி, கைப்பேசி பற்றிக் காணொளி வெளியிடும் சேனல்காரர்கள் அனைவருக்கும்,

இன்னும் வெளியிடப்படாத இயங்குதளம் ஒன்று கசிந்துவிட்டது என்ற செய்தி வந்த அன்றே, "கம்பெனிக்கு முன்னாடியே உங்க லேப்டாப்பில்" என்று தலைப்பிட்டுக் காணொளி போடுவதும், கீழே டிஸ்கிரிப்ஷனில் டெலிகிராம் இணைப்பைக் கொடுப்பதும், "ஆன்ட்டிவைரஸ் தடுத்தா ஆஃப் பண்ணிடுங்க, அது சும்மா காட்டுற எச்சரிக்கை" என்று சொல்லிக் கடந்துபோவதும் உங்களில் பலருக்கு வழக்கமாகிவிட்டன. திருச்சியில் மடிக்கணினியும் மேசைக்கணினியும் பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். உங்கள் காணொளிகள் முடிந்த பிறகு நடப்பதெல்லாம் என் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. உங்களில் இருவருக்குத் தனியாக எழுதிப் பார்த்தேன். ஒருவர் பதிலே போடவில்லை. மற்றவர், "கல்வி நோக்கத்துக்காக மட்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறோமே" என்றார். பொதுவில் எழுதுவதற்கு அந்தப் பதிலே காரணம்.

புதிய பதிப்பை மற்றவர்களுக்கு முன்பே பார்க்க வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்லவில்லை. வாடிக்கையாளர் வேலைக்குப் பயன்படாத ஒரு பழைய கணினியில் நானே முன்னோட்டப் பதிப்புகளை ஓட்டுகிறேன். அந்தந்த நிறுவனத்தின் சோதனைத் திட்டத்தில் பெயரைப் பதிந்து, அவர்கள் அனுப்புவதை நிறுவுகிறேன். நீங்கள் கசிந்த கோப்பை மக்கள் கையில் கொடுத்துவிட்டு அதற்கும் "டெஸ்டிங்" என்று பெயர் வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சோதிப்பவர் கண்ட பிழை, அதைத் திருத்தக்கூடியவரிடம் போய்ச் சேர்ந்தால்தான் அது சோதனை. கசிந்த பதிப்பை நிறுவியவர் கண்ட பிழை உங்கள் கமென்ட் பகுதியைத் தாண்டி எங்கும் போவதில்லை.

நடந்த கதை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது 2021 ஜூன் 24 அன்று. அதற்கு முன்பே, ஜூன் 15 அன்று, 21996 என்ற பில்ட் (உருவாக்கப் பதிப்பு) எண் கொண்ட ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது முழு இயங்குதளத்தையும் நிறுவ உதவும் ஒரே கோப்பு, இணையத்தில் கசிந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் சோதனைத் திட்டமான இன்சைடர் திட்டத்தில் இருந்தவர்களுக்கு முதல் முன்னோட்டப் பதிப்பு ஜூன் 28 அன்று வந்தது. கசிவுக்கும் முறையான பதிப்புக்கும் இடையே இருந்தவை பதின்மூன்று நாள்கள். அந்தப் பதின்மூன்று நாள் அவசரத்தில் கசிந்த பதிப்பை நிறுவியவர்கள் நடுவே நகர்ந்த ஸ்டார்ட் பொத்தானையும் புதிய வால்பேப்பர்களையும் பார்த்தார்கள். புதிய ஸ்டோரும் புதிய செட்டிங்ஸ் செயலியும் அதில் இல்லை. அவை வரவேண்டுமென்றால் எப்படியும் முறையான பதிப்புக்கே போயாக வேண்டும்.

அந்த அவசரத்தைக் காத்திருந்து பயன்படுத்திக்கொண்டவர்கள் வேறு ஆட்கள். "விண்டோஸ் 11 பில்ட் 21996.1, ஆக்டிவேட்டருடன்" என்ற பொருளில் பெயரிடப்பட்ட ஒரு கோப்பைப் பற்றி, வைரஸ் தடுப்பு மென்பொருள் செய்யும் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2021 ஜூலையில் எச்சரித்தது. ஆக்டிவேட்டர் என்பது, காசு கொடுக்காமலே உரிமம் இருப்பதுபோலக் காட்டவைக்கும் நிரல். கோப்பின் அளவு 1.75 ஜிபி. இயங்குதளம் என்றால் அவ்வளவு பெரிதாகத்தான் இருக்கும் என்று பார்ப்பவர் நம்ப வேண்டுமல்லவா? அந்த அளவில் பெரும்பகுதி, எதற்கும் உதவாத தகவலை அடைத்துவைத்த ஒரே ஒரு டிஎல்எல் கோப்பு. திறந்தால் வழக்கமான நிறுவல் திரைபோலவே ஒன்று வரும். அது இன்னொரு நிறுவியை இறக்கும். அந்த இரண்டாவது நிறுவி, கூடவே சில விளம்பர மென்பொருள்களும் நிறுவப்படும் என்று ஓர் உரிம ஒப்பந்தத்தையே காட்டும். நாம் யாரும் உரிம ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஒப்புக்கொண்டு அழுத்தினால் தீநிரல்கள் வரிசையாக இறங்கும்.

இது புதிய தந்திரமும் இல்லை. விண்டோஸ் 7-இன் ரிலீஸ் கேண்டிடேட் பதிப்பை, அதாவது இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை, 2009 மே 5 அன்று மைக்ரோசாஃப்ட் எல்லாருக்கும் இலவசமாகவே தந்தது. அதற்கு முன்பே டோரண்டில் உலவிய பிரதிகள் சிலவற்றில் டிரோஜன் என்ற மறைந்து வரும் தீநிரலை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அவற்றை நிறுவிய ஆயிரக்கணக்கான கணினிகள், உரிமையாளருக்கே தெரியாமல் ஒரு பாட்நெட்டில், அதாவது திருடர்கள் தூரத்திலிருந்து ஆட்டுவிக்கும் கணினிக் கூட்டத்தில், சேர்ந்தன. சில நாள் பொறுத்திருந்தால் காசில்லாமல் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றுக்காகத் தங்கள் கணினியை அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே வலையை அப்படியே விரித்தபோதும் அதில் ஆட்கள் விழுந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் தமிழில் இவ்வளவு தொழில்நுட்பக் காணொளிகள் வந்திருக்கின்றன. இந்தக் கதையைச் சொன்ன ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

இனி என் கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். உறையூரில் டிடிபி சென்டர் நடத்தும் அம்மா ஒருவர், ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிய நேரத்தில் தம் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தானாக அணைந்து அணைந்து திரும்பத் தொடங்குகிறது என்பது அவர் புகார். திரையின் வலது கீழ் மூலையில் இது மதிப்பீட்டுப் பிரதி என்ற வாசகமும் பில்ட் எண்ணும் மங்கலாகத் தெரிந்தன. பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. உங்களில் ஒருவருடைய காணொளியைப் பார்த்து அவருடைய மகன் நிறுவிய கசிந்த பதிப்பு அது. விண்டோஸ் முன்னோட்டப் பதிப்புகளில் பெரும்பாலும் காலாவதி நாள் ஒன்று உள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் 7 ரிலீஸ் கேண்டிடேட், 2010 மார்ச் 1 முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக அணையத் தொடங்கி ஜூன் 1 அன்று காலாவதியானது. இதை மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே அறிவித்தும் இருந்தது. முறையான திட்டத்தில் இருப்பவருக்கு அந்த நாள் வருவதற்குள் அடுத்த பதிப்பு வந்துவிடும். கசிந்த பதிப்பில் அப்படி எதுவும் வராது. "ஆக்டிவேட் பண்ணிட்டா போயிடும்மா" என்று சொல்லி, அதே டெலிகிராம் குழுவில் கிடைத்த ஆக்டிவேட்டரையும் பையன் ஓட்டியிருக்கிறான்.

வன்வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டிப் பார்த்தபோது, பேஜ்மேக்கரில் அவர் செய்து வைத்திருந்த அழைப்பிதழ்களில் சில திறக்கவே இல்லை. சேமித்துக்கொண்டிருக்கும்போதே கணினி அணைந்திருக்கிறது. அச்சகத் தமிழ் எழுத்துருக்களுக்கு அவர் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் ஒரு யுஎஸ்பி டாங்கிளை, அதாவது கணினியில் செருகி வைக்கும் சாவி போன்ற சிறு கருவியை, நம்பி இயங்குவது. அந்த டாங்கிளின் டிரைவர் கசிந்த பதிப்பில் ஏறவே இல்லை. ஆக்டிவேட்டரோடு வந்த நிரல் பிரவுசரில் சேமித்திருந்த கடவுச்சொற்களை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அவர் மின்னஞ்சல் முகவரியிலிருந்து வாடிக்கையாளர்களுக்குக் குப்பை அஞ்சல்கள் போயிருந்தன. மணமகள் வீட்டாருக்குப் புரூஃப் அனுப்பும் அதே முகவரி. இதையெல்லாம் விளக்கிய பிறகும் அவர் என்னிடம் சொன்னது: "அந்தத் தம்பி பொய் சொல்ற மாதிரி தெரியலையே, நல்லா நிறுத்தி நிதானமாத்தான சொன்னாரு." நீங்கள் பொய் சொன்னதாக நானும் நினைக்கவில்லை. நீங்களே சரிபார்க்காத, சரிபார்க்கவும் முடியாத ஒன்றுக்கு உங்கள் குரலை உத்தரவாதமாகக் கொடுத்தீர்கள்.

சரிபார்க்க முடியாது என்று நான் சொல்வதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் தரும் விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ கோப்புக்கு அதன் எஸ்எச்ஏ-256 எண்ணையும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணையும், வெளியிடுகிறது. இறக்கிய கோப்புக்கு அதே எண் வருகிறதா என்று விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ஒரே கட்டளையில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பைட் மாறியிருந்தாலும் எண் முற்றிலும் மாறிவிடும். கசிந்த கோப்புக்கு ஒப்பிட்டுப் பார்க்க மூல எண் என்று எதுவும் கிடையாது. டெலிகிராமில் யாரோ போட்ட எண், அவர்கள் கையில் இருக்கும் கோப்பின் எண். நிறுவனத்திலிருந்து வெளியேறிய கோப்பும் அதுவும் ஒன்றுதானா என்பதை அது சொல்லாது. உள்ளே இருக்கும் விண்டோஸ் கோப்புகள் முறையாகக் கையொப்பமிடப்பட்டவையாகவே இருந்தாலும், அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு கோப்பைச் செருகி ஐஎஸ்ஓவை மறுபடி கட்டி விடுவதற்குப் பெரிய திறமை எதுவும் தேவையில்லை. "நானே என் சிஸ்டத்தில் போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகலை" என்று நீங்கள் சொல்வதும் இதற்குப் பதிலாகாது. கடவுச்சொல் திருடும் நிரல் தான் வந்திருப்பதாக அறிவித்துக்கொள்வதில்லை. தவிர, காணொளி எடுப்பதற்கென்று நீங்கள் வைத்திருக்கும் கணினியில் திருடுவதற்கு என்ன இருக்கப்போகிறது?

"கல்வி நோக்கத்துக்காக மட்டும்" என்ற வாசகத்துக்கும் வருகிறேன். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் ஒரு படைப்பைப் பயன்படுத்த விலக்குத் தருகிறது. ஆனால் அந்த விலக்கு கணினி நிரல்களுக்குப் பொருந்தாது என்று அதே வரியிலேயே எழுதியிருக்கிறது. 63பி பிரிவு, உரிமம் மீறிய பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவதைத் தனிக் குற்றமாகச் சொல்கிறது. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை; வழக்குப் போடும் எண்ணமோ வசதியோ எனக்கில்லை. ஆனால் உங்களை நம்பி இறக்கிக்கொள்ளும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு, அந்த ஒரு வரி ஏதோ கவசம் என்ற எண்ணத்தைக் கொடுக்காதீர்கள்.

இத்தனைக்கும் முறையான வழி மூடிக் கிடக்கவில்லை. ஒரு காலத்தில் அது அப்படித்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆப்பிள் 2000 செப்டம்பரில் மேக் ஓஎஸ் எக்ஸ் பப்ளிக் பீட்டாவை (பொதுமக்களுக்கான சோதனைப் பதிப்பை) 29.95 டாலருக்கு விற்றது. பிழை கண்டுபிடித்துச் சொல்வதற்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டியிருந்தது. பின்னாளில் ஐபோன் பீட்டாவுக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்டி டெவலப்பர் கணக்கு வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் சோதனைக் கருவிகளைப் பதிவதற்கென இருந்த இடங்களைக் கூறுபோட்டு விற்ற தளங்கள் இருந்தன. அதன் பிறகு பீட்டாவை இறக்க அனுமதி தரும் புரொஃபைல் கோப்புகள் கைமாறிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் ஒருவர் குறுக்கு வழி தேடியதை என்னால் புரிந்துகொள்ள முடியும். ஆனால் 2014 அக்டோபரில் விண்டோஸ் இன்சைடர் திட்டம் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று திறக்கப்பட்டது; இரண்டே வாரத்தில் பத்து லட்சம் பேர் பதிந்தார்கள். ஆப்பிள் 2023-இல் டெவலப்பர் பீட்டாவையே கட்டணம் இல்லாமல் தர ஆரம்பித்தது. கூகுளின் பிக்சல் கைப்பேசி வைத்திருப்பவர் ஆண்ட்ராய்டு பீட்டாவில் சேரலாம். சாம்சங் தன் ஒன் யுஐ பீட்டாவை, குறிப்பிட்ட மாடல்களுக்கு, சாம்சங் மெம்பர்ஸ் செயலி வழியாக இந்தியாவிலும் நடத்தியிருக்கிறது. எதற்கும் டெலிகிராம் குழு தேவையில்லை.

முறையான திட்டத்தில் குறைகள் இல்லை என்று சொல்ல வரவில்லை. இன்சைடராகச் சேர்ந்தால், கணினியின் பயன்பாடு பற்றிய கூடுதல் தகவல்களை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டாக வேண்டும். அதற்கு விருப்பமில்லாதவர் சேரவே கூடாது. மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவருக்கு அடுத்தடுத்து வரும் பெரிய அப்டேட்கள் கட்டுப்படியாகாது. ஆண்ட்ராய்டு பீட்டாவை விட்டுப் பாதியில் விலகினால் கைப்பேசியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். விண்டோஸில், இன்னும் முதிராத பதிப்புகள் வரும் டெவ் தடத்துக்குப் போய்விட்டு வழக்கமான பதிப்புக்குத் திரும்ப வேண்டுமென்றால் பெரும்பாலும் புதிதாக நிறுவித்தான் ஆக வேண்டும். வெளியீட்டுக்கு மிக நெருங்கிய பதிப்புகள் வரும் ரிலீஸ் பிரிவியூ தடத்தில் அந்த அபாயம் மிகக் குறைவு. இந்த வேறுபாடுகளைத் தமிழில் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். எந்தத் தடம் யாருக்கு ஏற்றது, விலகுவது எப்படி, எதை முன்கூட்டியே பேக்கப் எடுக்க வேண்டும் என்பதைப் பத்து நிமிடக் காணொளியில் சொல்லிவிடலாம். "முறையான வழியில் போட்டால் பார்க்க ஆள் வராது, லீக் என்றால்தான் வியூஸ்" என்று உங்களில் ஒருவர் நேரலையில் வெளிப்படையாகச் சொன்னதைக் கேட்டேன். அது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் வருமானக் கணக்குக்கு உறையூர்க்காரர் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

முறையாகச் சேர்ந்து பிழையைச் சொன்னாலும் யார் கேட்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், 2018-இல் நடந்ததே அதற்குச் சாட்சி. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பை அக்டோபர் 2 அன்று வெளியிட்டு, சிலருடைய டாக்குமென்ட்ஸ் கோப்புகள் அழிந்துபோவதாகப் புகார் வந்ததும் ஒரு வாரம் ஆவதற்குள் நிறுத்தி, நவம்பர் 13 அன்றுதான் மைக்ரோசாஃப்ட் மறுபடி விட்டது. டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்தவர்களின் பழைய ஃபோல்டரில் மிச்சமிருந்த கோப்புகளை அப்டேட் அழித்துக்கொண்டிருந்தது. இதை இன்சைடர்கள் சிலர் மாதக்கணக்கில் முன்பே, பிழைகளைப் புகார் செய்யும் ஃபீட்பேக் ஹப் செயலியில் எழுதியிருந்தார்கள். அந்தப் புகார்களை ஆமோதித்து மேல்வாக்குப் போட்டவர்கள் மிகக் குறைவு. மற்றக் குறிப்புகளுக்கு அடியில் அவை புதைந்து கிடந்தன. பிறகுதான், பிழை எவ்வளவு கடுமையானது என்று புகார் செய்பவரே குறிப்பிடும் வசதியை அந்தச் செயலியில் சேர்த்தார்கள். பிழையைச் சொன்னவர் குறைவு என்பதால் கேட்கப்படாமல் போன இந்தக் கதையை, அப்படியானால் சொல்லவே வேண்டாம் என்பதற்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. இன்னும் பலர் சேர்ந்து சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் அதற்குப் பொருள்.

தமிழுக்கு இது எல்லாவற்றையும்விட முக்கியம். இந்த மடலை வேறு யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுவதும் அதனால்தான். தமிழில் தட்டச்சிடும்போது கர்சர் எங்கே நிற்கிறது, பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் முழு எழுத்து அழிகிறதா அல்லது கொம்பும் காலும் மட்டும் அழிகின்றனவா, வரி முடிவில் சொல் எங்கே உடைகிறது என்பவற்றை மைக்ரோசாஃப்டின் ரெட்மண்டிலோ ஆப்பிளின் குப்பர்டினோவிலோ உட்கார்ந்திருக்கும் பொறியாளர் தன் கண்ணால் கண்டுபிடிக்கப்போவதில்லை. தமிழில் நாள் முழுதும் எழுதுபவர் முன்னோட்டப் பதிப்பை ஓட்டிப் பார்த்து எழுதிப்போட்டால்தான் அவருக்குத் தெரியும். ஒலிப்பு முறையில் தட்டச்சிடும் தமிழ் விசைப்பலகை, மற்ற இந்திய மொழிகளோடு சேர்த்து, 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டில் எல்லாருக்கும் வந்தது. அதற்கு முன்பே இன்சைடர் பதிப்புகளில் வந்துவிட்டது. அதைச் சோதித்துக் குறை சொல்வதற்கான காலம் அந்த இடைவெளிதான். அந்த மாதங்களில் தமிழ் சேனல்களில் அதைப் பற்றிய பேச்சையே நான் கேட்கவில்லை.

என் அனுபவத்தில் ஒன்று. ஒரு கைப்பேசி நிறுவனத்தின் சோதனைப் பதிப்பை நான் முறையாகச் சேர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தபோது, பூட்டுத் திரையில் வரும் அறிவிப்புகளில் "கொ", "தோ" போன்ற எழுத்துகள் பிய்ந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக, நடுவே புள்ளிகளால் ஆன வட்டத்தோடு தெரிந்தன. குறுஞ்செய்திச் செயலியின் உள்ளே போனால் அதே செய்தி ஒழுங்காக இருக்கும். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எந்த எழுத்துரு அளவில் நடக்கிறது என்பதையும் குறித்து அனுப்பினேன். கொஞ்ச நாளில் ஒருவர், அந்தச் சொல்லை யூனிகோடில் அப்படியே நகலெடுத்து அனுப்பும்படி கேட்டு எழுதினார். பொதுமக்களுக்குப் பதிப்பு வந்தபோது பிழை இல்லை. அதே காலத்தில் அந்தப் பதிப்பின் கசிந்த கோப்பை உங்களில் ஒருவர் கைப்பேசியில் ஏற்றிக் காட்டினார். அதே பிய்ந்த எழுத்துகள் அவருடைய திரையிலும் தெரிந்தன. "தமிழ் கொஞ்சம் சொதப்புது, ஃபைனல்ல சரி பண்ணிடுவாங்க" என்று சொல்லிவிட்டு கேமராவுக்குப் போனார். யாரும் சொல்லாமல் அவர்கள் எப்படிச் சரிசெய்வார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. அவருடைய காணொளியை லட்சம் பேர் பார்த்திருந்தால், தமிழ்ப் பிழை ஒன்றைக் கண்ணால் கண்டும் எங்கும் புகார் பதியாத லட்சம் பேர் அவர்கள்.

கசிவைத் தேடி வருபவர்களில் ஒரு கூட்டத்தின் மீது எனக்குக் கோபமே இல்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். அரசு 2011 முதல் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் பல இன்றும் என் கடைக்கு வருகின்றன. அக்காவுக்குக் கிடைத்ததைத் தம்பி பயன்படுத்துகிறான். அவற்றில் விண்டோஸ் 11-க்கு முறையான வழியே இல்லை. அந்தப் பையன்கள்தான் "எந்த லேப்டாப்பிலும் ஓடும் லீக் வெர்ஷன்" என்ற உங்கள் தலைப்பைப் பார்த்து வருகிறார்கள். அவர்களுக்குத் தேவை, இலவச இயங்குதளமான லினக்ஸின் இலகுவான வகை ஒன்று. உபுண்டு வகையறாவில் தமிழ் இடைமுகமும் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கின்றன. அந்த மடிக்கணினிகளில் பலவற்றில் அரசே பாஸ் லினக்ஸைப் போட்டுத்தான் கொடுத்தது என்பதைப் பையன்கள் மறந்துவிட்டார்கள், நீங்களாவது நினைவூட்டலாம்.

இனி நான் கேட்பவற்றைச் சொல்கிறேன்.

இதுவரை வெளியிட்ட காணொளிகளில் கசிந்த கோப்புகளுக்கோ ஆக்டிவேட்டர்களுக்கோ கொடுத்திருக்கும் இணைப்புகளை நீக்குங்கள். டெலிகிராம் குழுக்களில் பின் செய்து வைத்திருப்பவற்றையும் சேர்த்து. காணொளியையே எடுக்கச் சொல்லவில்லை. கசிவைப் பற்றிச் செய்தி சொல்வது உங்கள் உரிமை. ஸ்கிரீன்ஷாட்களைக் காட்டி அலசுவதில் யாருக்கும் நட்டமில்லை. கோப்பைக் கையில் கொடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும் பேச்சு எந்தக் காரணத்துக்காகவும் இனி வேண்டாம்.

ஏற்கெனவே நிறுவியவர்களுக்காக அதே காணொளிகளின் கீழே ஒரு குறிப்பைப் பின் செய்யுங்கள். இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு, இஎக்ஸ்இ (.exe) கோப்புகளை விட்டுவிட்டு, நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கிய ஐஎஸ்ஓவால் எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டும். அவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. உங்களிடமிருந்து வந்தால் கேட்பார்கள்.

முன்னோட்டப் பதிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதிகாரபூர்வத் திட்டத்தில் சேரும் வழியை, அதன் குறைகளோடும் விலகும் முறையோடும், அதே காணொளியில் காட்டுங்கள். தினமும் வேலை செய்யும் கணினியில் போடாதீர்கள் என்பதைக் கடைசி நொடியில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகாமல் முதலிலேயே சொல்லுங்கள்.

கடைசியாக, தமிழ்ப் பிழைகளை ஒரே இடத்தில் சேர்த்து அனுப்பும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். பெரிய பதிப்பு ஒன்றின் பீட்டா வரும் வாரத்தில், உங்களில் நான்கைந்து பேர் ஒருநாள் சேர்ந்து நேரலையில் வாருங்கள். முறையாகச் சேர்ந்த கருவியில் தமிழைத் தட்டச்சிட்டு, படித்து, தேடி, அச்சிட்டுப் பாருங்கள். கண்ட பிழையை ஃபீட்பேக் ஹப்பிலோ அதற்குரிய செயலியிலோ எப்படி எழுதுவது என்று நேரலையிலேயே எழுதிக் காட்டி, அந்தப் புகாரின் இணைப்பை டிஸ்கிரிப்ஷனில் போட்டு, பார்ப்பவர்களை மேல்வாக்குப் போடச் சொல்லுங்கள். சோதிக்க வேண்டிய எழுத்துகள், சொற்கள், சூழல்கள் அடங்கிய பட்டியல் ஒன்றை நான் கடையில் வைத்திருக்கிறேன், கேட்பவருக்கு அனுப்பிவைக்கிறேன். யார் வருகிறீர்கள் என்பதை உங்கள் சேனலிலேயே அறிவியுங்கள்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு கணினிப் பழுதுபார்ப்பாளர்